வறண்ட மலைச்செடியும் ஈரநாட்டு இலையுதிர்காலமும்

தாவரங்களின் இலத்தீன் பெயர்களில் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை முழுதாக நம்பிவிடக் கூடாது. பெரு நாட்டின் பெயரைச் சுமக்கும் 'சில்லா பெருவியானா' மத்தியதரைக் கடலோரத்துச் செடி. சிரியாவின் பெயரைச் சுமக்கும் 'அஸ்க்லெபியாஸ் சிரியாக்கா' நம் எருக்கிற்கு உறவான ஒரு வட அமெரிக்கச் செடி. இந்தப் பட்டியலில் 'கன்னாபிஸ் இண்டிகா'வையும் சேர்க்கலாமா என்றால், பதில் சற்றுச் சிக்கலானது. பெயர் இடப்பட்டபோது அது சரியாகவே இருந்தது. பிற்பாடுதான் பெயர் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தாவிவிட்டது. அந்தத் தாவலுக்குப் பின்னால் தாவரவியலாளர்களும் வழக்கறிஞர்களும் கடத்தல்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பின்னால் மழையும் குளிரும் இருக்கின்றன. வறண்ட மலைநாட்டில் உருவான ஒரு செடி, ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டிருக்கும் ஒரு தாழ்நிலத்தில் குடியேறிய வரலாற்றையே இங்கே பார்க்க முயல்கிறோம். கஞ்சாவின் நன்மை தீமை பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று.

*

கதையை டச்சுக்காரர்களிடமிருந்து தொடங்குவதே பொருத்தம். 1669 முதல் 1676 வரை கொச்சியை மையமாகக் கொண்ட டச்சு மலபாரின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் அறிவைத் துணையாகக் கொண்டு 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பன்னிரண்டு தொகுதி நூலை உருவாக்கினார். 1678-க்கும் 1693-க்கும் இடையே ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்நூலின் பத்தாம் தொகுதியில், 'கலெங்கி கஞ்சாவ', 'செறு கஞ்சாவ' என்ற மலையாளப் பெயர்களோடு நம் செடி படமாக இடம்பெற்றிருக்கிறது. ஆக, ஆம்ஸ்டர்டாமுக்கும் இந்தியக் கஞ்சாவுக்கும் உள்ள தொடர்பு இருபதாம் நூற்றாண்டில் உண்டானதன்று. ஆனால் அப்போது போய்ச்சேர்ந்தது படமும் பெயரும்தான்.

ஐரோப்பாவுக்கு அந்தச் செடியின் இன்னொரு வடிவம் ஏற்கனவே நன்கு பழக்கம். கயிறு திரிக்கவும் பாய்மரத் துணி நெய்யவும் வளர்த்த நார்ச்செடி அது. குளிரும் ஈரமும் அதற்குப் பகையல்ல. நாருக்காக வளர்ப்பவர்கள் பூ முற்றும் வரை காத்திருப்பதில்லை. உயர்ந்து வளர்ந்ததும் அறுத்து, நீரில் ஊறவைத்து, நாரை உரித்துவிடுவார்கள். 1753-இல் லினேயஸ் 'கன்னாபிஸ் சட்டைவா' என்று பெயரிட்டது இந்த நார்ச்செடியைத்தான். 'சட்டைவா' என்றால் பயிரிடப்படுவது என்றே பொருள். நெல்லுக்கும் அதே அடைமொழி உண்டு.

இதற்கு மாறான ஒன்று இந்தியாவில் இருக்கிறது என்று 1785-இல் எழுதியவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க். பரிணாமம் பற்றிய கோட்பாட்டால் பிற்காலத்தில் பெயர்பெற்ற அதே லாமார்க்தான். அவரிடம் வந்துசேர்ந்த மாதிரிகளை இந்தியாவிலிருந்து கொணர்ந்தவர் பியர் சொன்னெரா. புதுச்சேரியில் வாழ்ந்து, தமிழகத்துத் தொழில்களையும் சடங்குகளையும் செடிகொடிகளையும் 1782-இல் வெளியான தம் பயண நூலில் விரிவாக எழுதியவர் அவர். நம் மலைக்காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

லாமார்க்கின் வருணனை கவனத்திற்குரியது. ஐரோப்பிய நார்ச்செடியை விடக் குட்டையானது, அதிகம் கிளைப்பது, தண்டு கடினமானது, பட்டை மெல்லியதாகையால் நாருக்கு உதவாதது, *இலைக்கூறுகள் குறுகலானவை*, மணம் கடுமையானது, மூளையைக் கிறங்கச் செய்து கவலையை மறக்கடிப்பது. இதுவே இண்டிகா. குறுகிய இலை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

*

கிறக்கம் தரும் பிசின் பெண்செடியின் பூங்கொத்தில் திரள்கிறது. மகரந்தம் பட்டு விதை பிடித்துவிட்டால் பிசின் குறையும். ஆகவே ஆண்செடிகளை முன்கூட்டியே களைந்துவிட வேண்டும். இந்த அறிவு ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு இடங்களில் பதிவாகியிருப்பது வியப்பைத் தருகிறது.

ஒன்று சுவீடன். தாவரங்களுக்கு ஆண் பெண் பால் உண்டு என்பதை நிறுவ விரும்பிய லினேயஸ், கஞ்சா இனத்து விதைகளை இரு தொட்டிகளில் விதைத்து, தனித்தனி அறைகளின் சாளரங்களில் வைத்தார். ஒன்றில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வளர்ந்தன. மற்றொன்றில் ஆண்செடிகளை அடையாளம் தெரிந்தவுடன் அகற்றினார். அங்கே பெண்செடிகள் நெடுநாள் பூத்தும் விதை பிடிக்கவில்லை. 1760-இல் வெளியான, தாவரங்களின் பால் பற்றிய ஆய்வுரையில் இதை விவரிக்கிறார். குளிர்நாட்டில் வீட்டுக்குள் வளர்த்து ஆண்செடி நீக்கிய முதல் பதிவுகளில் ஒன்று இதுவாக இருக்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது பிசின் அல்ல, சான்று.

மற்றொன்று வங்காளம். பிரிட்டிஷ் அரசு 1893-இல் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-இல் அறிக்கை அளித்தது. மிதமான பயன்பாட்டால் பொதுவாகப் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை தேவையற்றது என்பது அதன் முடிவு. இன்றைய பங்களாதேஷிலுள்ள நவகாவ் வட்டாரத்துச் சாகுபடியை அது நுணுக்கமாக விவரிக்கிறது. அங்கே 'போத்தார்' எனப்பட்ட ஒரு நிபுணர் வயலுக்குள் நடந்து, ஆண்செடிகளைப் பூப்பதற்கு முன்பே இனங்கண்டு வெட்டுவார். ஆங்கில அதிகாரிகள் அவரைக் 'கஞ்சா வைத்தியர்' என்றே எழுதினார்கள்.

அந்த வட்டாரத்து நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். வங்காளம் மழைநாடு. ஆனால் நவகாவ் உழவர்கள் மழைக்காலத்து இறுதியில் நாற்றங்காலில் விதைத்து, மழை ஓய்ந்ததும் மேட்டுப்பாத்தியில் நட்டு, பனிக்காலத்தின் பின்பகுதியில் அறுவடை செய்தார்கள். பூ முற்றும் வாரங்களில் வானம் தெளிந்திருக்கும். இமயத்தில் மழையும் ஈரமும் அதிகம் என்பதால் அங்கே பூவைக் காயவைத்துச் சலிப்பதில்லை. நிற்கும் செடியின் பூங்கொத்தை உள்ளங்கையில் தேய்த்துப் பிசினைத் திரட்டிச் சரஸ் ஆக்குவார்கள். ஆப்கானிஸ்தானிலோ காற்று வறண்டது. செடியை அறுத்துக் காயவைத்து, குளிர்காலத்தில் துணியில் சலித்து, தூளாக உதிரும் பிசினை அழுத்தி ஹஷீஷ் செய்வார்கள். கருவியும் கைமுறையும் அந்தந்த ஊரின் காற்றிலிருந்து பிறந்தவை. எங்கும் ஒரே இலக்குத்தான்: பூவின் மேல் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வது.

*

1924-இல் ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவ் ஆப்கானிஸ்தானுக்குப் பயணம் செய்தார். பயிர்களின் தாயகங்களைத் தேடி உலகெங்கும் விதை சேகரித்தவர் அவர். அப்பயணத்தின் விளைவாக 1929-இல் வெளியான நூலில் அந்நாட்டுக் கஞ்சாவும் இடம்பெறுகிறது. அதை லாமார்க்கின் இண்டிகாவுக்குள் ஓர் உட்பிரிவாகவே வைத்து, நாட்டின் பெயரைத் துணைப்பெயராகச் சேர்த்தார். பெயர் வடமேற்காக எடுத்துவைத்த முதல் அடி இது. ஸ்டாலின் ஆட்சியில் கைதான வவிலோவ் 1943-இல் சராத்தோவ் சிறையில், போதிய உணவின்றி நலிந்து இறந்தார். லெனின்கிராட் முற்றுகையின்போது அவருடைய நிறுவனத்து ஊழியர்கள் சிலர், விதைக் களஞ்சியத்தைத் தின்னாமல் காத்துப் பட்டினியில் உயிர்விட்டார்கள். இன்றும் உலகின் பெரிய கஞ்சா இன விதைத் தொகுப்புகளுள் ஒன்று அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் அடியை எடுத்துவைத்தவர் ஹார்வர்டின் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்ட்ஸ். 1970-களின் தொடக்கத்தில் காந்தஹார் பக்கம் அவர் கண்ட செடிகள் குட்டையாக, கூம்பு வடிவில், நெருக்கமாகக் கிளைத்து, *அகன்ற இலைகளோடு* நின்றன. அவரும் துணையாசிரியர்களும் 1974-இல் எழுதிய கட்டுரை, கஞ்சா ஒரே சிற்றினம் அல்ல, சட்டைவா, இண்டிகா, ருடெராலிஸ் என மூன்று என்று வாதிட்டது. அதில் இண்டிகாவின் முகமாக ஆப்கானியச் செடி அமைந்துவிட்டது. பின்னர் 1980-இல் லோரன் ஆண்டர்சன் வெளியிட்ட கோட்டோவியங்கள் இந்தப் பிம்பத்தை நிலைநிறுத்தின. உயரமாய், ஒடுங்கிய இலையோடு இருப்பது சட்டைவா. குட்டையாய், அகன்ற இலையோடு இருப்பது இண்டிகா. லாமார்க் வருணித்த குறுகிய இலை இந்தியச் செடி, இந்தப் படத்தின்படி 'சட்டைவா' பக்கம் போய்விட்டது!

இதில் நீதிமன்றங்களுக்கும் பங்கு உண்டு. அமெரிக்கச் சட்டம் 'கன்னாபிஸ் சட்டைவா' என்று பெயர் சொல்லித் தடைசெய்திருந்தது. தம் கட்சிக்காரரிடம் இருந்தது இண்டிகா, ஆகவே சட்டம் செல்லாது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் 1970-களில் வாதிட்டார்கள். ஷுல்ட்ஸ் போன்றோர் அவர்கள் பக்கம் சாட்சி சொன்னார்கள். கனடாவின் எர்னஸ்ட் ஸ்மால் அரசுத் தரப்பில் நின்றார். ஸ்மாலும் ஆர்தர் க்ரான்க்விஸ்டும் 1976-இல், சிற்றினம் ஒன்றே, துணைச் சிற்றினங்கள் இரண்டு என்று வகைப்படுத்தினர். தாவரவியல் வகைப்பாடு ஒருவரின் சிறைவாசத்தைத் தீர்மானிக்கக்கூடிய அபூர்வமான காலம் அது.

*

அதே ஆண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்க இளைஞர்கள் தரைவழியாகக் காபூலுக்கும் மசார்-இ-ஷெரீபுக்கும் சென்றுவந்தார்கள். திரும்பும்போது சிலர் பையில் விதை இருந்தது. 1973-இல் மன்னர் ஜாஹிர் ஷா அமெரிக்க நெருக்குதலின் பேரில் தடை கொண்டுவந்தார். அதே ஆண்டு ஆட்சி இழந்தார். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்தபின் அந்தப் பாதையே மூடிக்கொண்டது. ஆக, மேற்கு நாடுகளுக்குச் சென்ற ஆப்கானிய விதைகளில் பெரும்பகுதி சில ஆண்டுகளே திறந்திருந்த ஒரு வாயிலின் வழியே போனவை.

வடக்கே அந்த விதைக்கு ஏன் அத்தனை மதிப்பு? பகலின் நீளமே காரணம். கஞ்சா இனச்செடிகள் இரவு நீண்டு பகல் சுருங்கும்போது பூக்கின்றன என்பதை 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கவனித்தவர் பிரான்சின் ஷுலியன் துர்நுவா. முதல் உலகப்போர் அவர் ஆய்வையும் வாழ்வையும் முடித்துவைத்தது. பின்னர் 1920-இல் அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் இதைப் பொது விதியாக நிறுவினார்கள். ஆம்ஸ்டர்டாம் வட அகலக்கோடு 52 பாகையில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே பகல் ஏறத்தாழ 17 மணி நேரம். தென்னிந்தியாவிலோ தாய்லாந்திலோ பழகிய செடி அந்தப் பகலில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும். அது பூத்து முற்றுவதற்குள் டிசம்பர் வந்துவிடும். ஆப்கானியச் செடியோ பனி விழுமுன் காரியத்தை முடிக்கப் பழகியது. செப்டம்பர், அக்டோபரிலேயே முற்றிவிடும். குறுகிய கோடை கொண்ட நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செடி வேறில்லை என்று தோன்றியது.

ஆனால் அதன் தாயகத்தில் கோடை முழுவதும் மழை கிடையாது. காந்தஹாரில் ஆண்டு மழையே 200 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் அது 800 மில்லிமீட்டருக்கு மேல். இலையுதிர்காலம் அங்கே மழைமிகுந்த பருவம். மழையே காணாத காற்றில் ஆப்கானியச் செடி தன் பூக்களை இடைவெளியின்றி இறுக்கிக் கட்டியிருந்தது. அவ்விறுக்கம் அங்கே குறையாக இருக்க வேண்டிய காரணமே இல்லை. டச்சு நாட்டில் தூறலும் பனியும் அந்த இறுக்கத்துக்குள் புகுந்தால் வெளியேற வழியில்லை. குளிர்ந்த ஈரத்தில் செழிக்கும் 'பொட்ரைட்டிஸ் சினெரியா' என்னும் சாம்பல்நிறப் பூஞ்சை பூங்கொத்தின் நடுத்தண்டிலிருந்து தொடங்கும். வெளியே பசுமையாகத் தெரியும் கொத்தைப் பிரித்தால் உள்ளே சாம்பல். திராட்சையிலும் ஸ்ட்ராபெரியிலும் வருவது அதே பூஞ்சைதான். பிரான்சின் சோத்தேர்ன் வட்டாரத்தில் அப்பூஞ்சை பிடித்த திராட்சையிலிருந்து விலையுயர்ந்த இனிப்பு மது வடிக்கிறார்கள். கஞ்சாவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. வடக்கே பயன்பட்ட குணமும் அழிவைத் தந்த குணமும் ஒரே செடியில் பிணைந்திருந்தன. காலத்தோடு பூப்பது வேண்டும், இறுக்கமான கொத்து வேண்டாம். பெற்றோரைத் தேர்ந்து கலப்பினம் செய்யாமல் இவற்றைப் பிரிக்க முடியாது.

*

நெதர்லாந்து 1976-இல் தன் அபின் சட்டத்தைத் திருத்தி, கஞ்சாவைக் கொடிய போதைப்பொருள்களிலிருந்து பிரித்தது. சிறு அளவு விற்பனை சகித்துக்கொள்ளப்பட்டது. உற்பத்தி குற்றமாகவே தொடர்ந்தது. 1980-களில் கலிபோர்னியாவிலும் சியாட்டில் பக்கத்திலும் உருவான கலப்பு விதைகள் அங்கே வந்துசேர்ந்தன. 'ஸ்கங்க்' என்பது ஆப்கானியச் செடியோடு மெக்சிகோ, கொலம்பியாவின் குறுகிய இலைச் செடிகளைச் சேர்த்தது. 'நார்த்தர்ன் லைட்ஸ்' பெரும்பாலும் ஆப்கானிய இரத்தம். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த டச்சு வம்சாவளியினரான நெவில் ஷூன்மேக்கர்ஸ் அமெரிக்க இதழ்களில் விளம்பரம் செய்து அஞ்சலில் விதை விற்றார். 1989 அக்டோபரில் அமெரிக்க அரசு 46 மாநிலங்களில் 'க்ரீன் மெர்ச்சன்ட்' என்ற பெயரில் சோதனைகள் நடத்தியது. 1990-இல் ஷூன்மேக்கர்ஸ் ஆஸ்திரேலியாவில் கைதானார்.

ஈரத்துக்கு இரண்டு விடைகள் கண்டுபிடிக்கப்பட்டன. முதலாவது, திறந்தவெளியிலேயே தாக்குப்பிடிக்கும் செடியைத் தேர்வது. ஆப்கானியச் செடியின் நேரந்தவறாமையை வைத்துக்கொண்டு, குறுகிய இலைச் செடிகளின் காற்றோட்டமான பூங்கொத்தை அதோடு சேர்ப்பது. 'ஃப்ரீசியன் டியூ' என்று ஒரு டச்சு வகைக்குப் பெயர். ஃப்ரீஸ்லாந்தின் பனித்துளி என்று அதைத் தமிழில் சொல்லலாம். பகையாக இருந்த பனித்துளியையே பெயராக வைத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது.

இரண்டாவது விடை, வானத்தையே தவிர்ப்பது. தக்காளிக்கும் ரோஜாவுக்கும் பசுங்குடில் அமைப்பதில் டச்சுக்காரர்கள் உலகுக்கே ஆசான்கள். சோடியம் விளக்கு, காற்றாடி, ஈரமகற்றும் கருவி எல்லாம் அத்தொழிலில் ஏற்கனவே புழங்கியவை. பன்னிரண்டு மணி நேரம் இருட்டு, பன்னிரண்டு மணி நேரம் ஒளி என்று வைத்தால் எந்த மாதத்திலும் செடிக்கு இலையுதிர்காலம் வந்துவிடும். காவல்துறையின் கண்ணுக்கும் மறைவு. லினேயஸின் சாளரத்து அறை இப்போது சாளரமே இல்லாத அறையாயிற்று. இங்கே குட்டைச் செடிக்குத்தான் இடம். ஆப்கானியச் செடியின் உருவம் திடீரென்று ஒரு தகுதியாகிவிட்டது. ஈரம் வெளியேற்றப்பட்டதால் இறுக்கமான கொத்தும் குறையாகத் தெரியவில்லை. உலகச் சந்தையில் 'இண்டிகா' என்ற சொல்லின் பொருளை முடிவுசெய்தது இந்த அறைதான். அதற்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவில் உள்ளரங்கக் கஞ்சா வளர்ப்பு நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 1 சதவீதத்தை விழுங்குகிறது என்று 2012-இல் எவான் மில்ஸ் மதிப்பிட்டார்.

மருத்துவமும் அதே கூரையின் கீழ்தான் வளர்ந்தது. நெதர்லாந்தில் 2003 செப்டம்பர் முதல் மருந்தகங்களில் மருத்துவரின் சீட்டுக்குக் கஞ்சா கிடைத்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் தக்காளி விளைந்த 18 ஹெக்டேர் கண்ணாடிக் குடில் ஒன்று, சிறுவர்களின் கொடிய வலிப்பு நோய்க்கான மருந்துக்காகக் கஞ்சா வளர்க்கும் இடமாக மாறியது. அம்மருந்துக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

*

பெயர் என்னவாயிற்று? கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தாரும் டச்சு ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, விற்பனைச் சீட்டுகளிலுள்ள 'இண்டிகா', 'சட்டைவா' என்ற பெயர்கள் செடியின் வம்சாவளியைக் காட்டவில்லை என்று கண்டது. மணம் தரும் சில வேதிப்பொருள்களோடு மட்டுமே அவற்றுக்குத் தொடர்பு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே மக்பார்ட்லண்டும் ஸ்மாலும் இண்டிகா என்ற துணைச் சிற்றினத்துக்குள் தெற்காசியச் செடியையும் ஆப்கானியச் செடியையும் தனித்தனியே பிரித்து, லாமார்க்கின் பெயரைத் தெற்காசியச் செடிக்கே மீட்டுக்கொடுத்தனர். கடைக்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

நம்மை அதிகம் உறுத்துவது பெயர் அல்ல, விதை. ஈரநாட்டின் கூரையடியில் பழகிய கலப்பினங்கள் இப்போது வறண்ட நாடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. மொராக்கோவின் ரிஃப் மலையில் நெடுங்காலமாக மானாவாரியாக வளர்ந்துவந்த உள்ளூர்ச் செடிக்குப் 'பெல்தியா' என்று பெயர். நம் வழக்கில் 'நாட்டுரகம்' என்பதற்கு நேரான சொல் அது. 2000-க்குப் பின் அங்கே அதிகப் பிசின் தரும் கலப்பினங்கள் பரவின. அவற்றுக்குப் பாசனம் வேண்டும். மலைச்சரிவில் கிணறும் தொட்டியும் பெருகி, நிலத்தடி நீர் இறங்குகிறது. மொராக்கோ 2021-இல் மருத்துவ, தொழில் தேவைக்கான சாகுபடியைச் சட்டபூர்வமாக்கியது. 2024 ஆகஸ்டில் மன்னர் 4,800-க்கும் மேற்பட்ட கஞ்சா உழவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். உழவர் மன்னிக்கப்படலாம், மகரந்தக் கலப்பில் கரைந்த நாட்டுரகம் திரும்பி வருவது அரிது.

1966-இல் ஐ.ஆர்.8 வந்தபின் நம் வயல்களிலிருந்து எத்தனை நெல் மறைந்தது என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் நெல்லுக்கு நெல் ஜெயராமன் போன்றவர்கள் வாய்த்தார்கள். மாப்பிள்ளைச் சம்பாவைத் தேடி ஊர் ஊராக அலையலாம், திருவிழா நடத்தி விதை பகிரலாம். தடைசெய்யப்பட்ட ஒரு செடியின் நாட்டுவிதையை அப்படி யார் தேடமுடியும்? 1961-இன் ஐ.நா. ஒப்பந்தமும் இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் போதையைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டவை. விதையைக் காப்பது அவற்றின் கவலையன்று. விளைவாக, கடந்த ஐம்பது ஆண்டுகளில் இச்செடியின் வகைகளைச் சேகரித்துப் பேணியவர்களில் பெரும்பாலோர் வணிகர்களாகவும் கடத்தல்காரர்களாகவும் இருந்தார்கள். தமக்கு லாபம் தந்ததை வைத்துக்கொண்டார்கள், மற்றதை விட்டுவிட்டார்கள்.

நவகாவ் வயலில் செடியின் பால் அறிந்து நடந்த போத்தாரின் கையிலிருந்த விதை, மசார்-இ-ஷெரீபில் துணியில் பிசின் சலித்தவரின் விதை, சொன்னெரா பொறுக்கியெடுத்த குறுகிய இலைச் செடியின் வழித்தோன்றல் ஆகியவற்றில் எவை இன்னும் கலப்பின்றி எஞ்சியுள்ளன என்று கணக்கெடுக்கும் வேலை தாவரவியலாளர்களுக்கு உரியது. அதைச் செய்ய அவர்களுக்குச் சட்டம் வழிவிட வேண்டும். ஒரு செடியைப் புகைக்கலாமா கூடாதா என்ற கேள்வியில் நாம் எந்தப் பக்கம் நின்றாலும், அது அழியலாமா என்ற கேள்வியில் இரண்டு பக்கம் இருக்க நியாயமில்லை.